நேரடி அஞ்சலும் வட்டக்களரியும்: ஒரு விமர்சன நோக்கு

கலைநிகழ்ச்சியொன்றை அது நிகழும் வேளையிலேயே தொலைவிலுள்ளோர் காணவும் கேட்கவும் செய்தல் இன்று நம்மிடையே பெருவழக்காகிவிட்டது. நாடக விழாவும் கவியரங்கும் நூல் வெளியீடும் கோயில் திருவிழாவும் கூத்து அரங்கேற்றமும் முகநூல், யூரியூப் ஆகியவற்றினூடாக நேரடியாக அஞ்சல் செய்யப்படுகின்றன. அவற்றுக்கான விளம்பரமும் பெரும்பாலும் அவ்வழியாகவே நடைபெறுகின்றது. கைத்தொலைபேசி ஒன்றும் இணைய இணைப்பும் இருப்பின் எவரும் ஒளிபரப்பாளராகலாம் என்ற நிலை தோன்றியுள்ளது.

இந்நிலை குறித்து நம்மிடையே இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. கடல் கடந்து வாழும் தமிழருக்கும் நம் கலைகள் எட்டிவிட்டன என மகிழ்வோர் ஒரு சாரார். கமெரா வந்ததும் கலை கெட்டது என வருந்துவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரு வகையில் ஒரே தவற்றையே செய்கின்றனர் எனலாம். தொழில்நுட்பத்தைத் தனித்ததொரு பொருளாகக் கொண்டு, நன்மையோ தீமையோ விளைக்கும் ஆற்றலை அதற்குக் கற்பிக்கின்றனர். அத்தொழில்நுட்பம் எவ்வகை அரங்க வடிவத்தைச் சந்திக்கின்றது, அச்சந்திப்பில் எதைப் பார்ப்பது என்று தீர்மானிக்கும் உரிமை யார் கையில் உள்ளது ஆகிய வினாக்களை அவர்கள் எழுப்புவதில்லை. அவ்வினாக்களை முன்வைத்து, நேரடி அஞ்சலின் வரலாற்றையும் ஈழத்துக் கூத்தரங்கின் அனுபவத்தையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒருமுகமாக அமைந்த அரங்கை அஞ்சல் செய்யும்போது இழக்கப்படுவது சிறிது. வட்டமாக அமைந்த அரங்கை அதே முறையில் அஞ்சல் செய்யும்போது அவ்வரங்கின் அடிப்படையே மாறிவிடுகின்றது என்பதே ஈண்டு நிறுவ முயலும் கருத்தாகும்.

1. தொலைவுப் பார்வையாளரின் தோற்றம்

நேரடி அஞ்சலைப் புத்தம்புதிய ஒன்றாகக் கருதுவது பொருந்தாது. வானொலி தோன்றுவதற்கு முன்னரே அது தொடங்கிவிட்டது. 1881ஆம் ஆண்டு பரிஸ் நகரில் நடைபெற்ற மின்னியற் கண்காட்சியின்போது, கிளெமோன் அடேர் என்பவர் ஒப்பெறா அரங்கின் மேடை முகப்பிலே தொலைபேசி ஒலிவாங்கிகளைப் பொருத்தி, அங்கு பாடப்பெற்ற இசையைக் கண்காட்சிக்கு வந்தோர் கேட்கச் செய்தார். இரு செவிகளிலும் தனித்தனிக் கேட்பான்களை வைத்துக் கேட்டோர், பாடகர் மேடையில் இடம்பெயர்வதையும் உணரக்கூடியதாயிருந்தது. 1890இல் இம்முறை 'தியேற்றரோபோன்' என்ற பெயருடன் வணிக நிறுவனமாயிற்று. சந்தா செலுத்தியோர் வீட்டிலிருந்தவாறே ஒப்பெறா கேட்டனர். புகழ்பெற்ற பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புறூஸ்ற் 1911இல் இதன் சந்தாதாரருள் ஒருவர். 1893இல் புடாபெஸ்ற் நகரில் திவடார் புஸ்காஸ் தொடங்கிய தொலைபேசிச் செய்திச் சேவையும் இவ்வாறே செய்தியையும் இசையையும் கம்பிகளினூடாக வீடுகளுக்கு அனுப்பிற்று.

வானொலியின் வருகையுடன் இது விரிவடைந்தது. 1920 யூன் 15ஆம் திகதி, இங்கிலாந்தில் செம்ஸ்போர்ட் என்னுமிடத்திலிருந்த மார்க்கோனி தொழிற்சாலையிலிருந்து நெல்லி மெல்பா என்ற பாடகியின் குரல் வானலைகளில் ஏறியது. அதற்கு ஆதரவளித்து அதனைப் பெருநிகழ்ச்சியாக விளம்பரப்படுத்தியது 'டெய்லி மெயில்' என்ற செய்தித்தாளாகும். அதே ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலிருந்து சனாதிபதித் தேர்தல் முடிவுகள் ஒலிபரப்பாயின. அந்நிலையத்தை நிறுவிய வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனம் வானொலிப் பெட்டிகளை உற்பத்தி செய்து விற்கும் நோக்குடையதாயிருந்தது. நமது நாட்டில் கொழும்பு வானொலி 1925 டிசெம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒப்பெறா, பொருளாதார மந்தத்தினால் நெருக்கடியுற்றிருந்த காலத்தில், 1931 டிசெம்பர் 25ஆம் திகதி முழு ஒப்பெறா ஒன்றைத் தனது அரங்கிலிருந்து நாடளாவிய முறையில் ஒலிபரப்பலாயிற்று. 1940 முதல் 2004 வரை அதன் சனிக்கிழமை ஒலிபரப்புகளுக்குப் பணமளித்து வந்தது ரெக்சாக்கோ என்ற எண்ணெய் நிறுவனமாகும்.

இவ்வரலாற்றில் தொடர்ந்து வரும் ஒரு பண்பு கவனத்துக்குரியது. தொலைவுப் பார்வையாளர் என்போர் தாமாகத் தோன்றியவரல்லர். சந்தா, செய்தித்தாள், வானொலிப் பெட்டி, எண்ணெய் என ஏதோவொன்றை விற்கவேண்டியிருந்த நிறுவனங்கள் அவர்களை ஒன்றுதிரட்டின. கலைநிகழ்ச்சி அதற்கான ஈர்ப்புப் பொருளாயிற்று. இன்று அஞ்சலுக்கெனப் பணம் அறவிடாத தளங்களும் விளம்பரதாரருக்கு நமது கவனத்தை விற்றே வாழ்கின்றன. ஆகவே 'இலவசமாக உலகம் முழுவதும்' என்று நாம் மகிழுமிடத்து, எது விற்கப்படுகின்றது என்பதையும் எண்ணவேண்டியவராகின்றோம்.

பேர்டோல்ட் பிறெக்ட் 1932இல் வானொலி பற்றி எழுதிய கட்டுரையில் இப்பிரச்சினையின் மையத்தைத் தொட்டார். வானொலி வெறும் விநியோகக் கருவியாக இருக்கின்றது. கேட்போரையும் பேசவைத்து, அவர்களைத் தனிமைப்படுத்தாது உறவுக்குள் கொண்டுவரும் தொடர்புக் கருவியாக அதனை மாற்றவேண்டும் என்பது அவரது வாதம். இன்றைய நேரடி அஞ்சலிற் பார்ப்போர் ஒரு வரி எழுதலாம்; இதய அடையாளம் ஒன்றை அனுப்பலாம். பிறெக்ட் வேண்டியது நிறைவேறிவிட்டது போலத் தோன்றலாம். ஆனால் அவ்வரி ஆடுவோனின் செவிக்கு எட்டுவதில்லை. அஞ்சல் பார்ப்போரை வந்தடையச் சில செக்கன்களிலிருந்து அரை நிமிடம் வரை தாமதமாகின்றது. பார்ப்போரின் மறுமொழி வரும்போது ஆட்டம் அடுத்த தருவுக்குச் சென்றுவிட்டிருக்கும்.

2. கமெராவின் தேர்வு

ஒலியோடு ஒளியும் சேர்ந்தபோது புதியதொரு பிரச்சினை எழுந்தது. அரங்கில் இருப்பவர் தாம் விரும்பிய இடத்தைப் பார்க்கலாம். அஞ்சலிற் காண்பவர் கமெரா காட்டுவதை மட்டுமே பார்க்கலாம். 1953 யூன் 2ஆம் திகதி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா தொலைக்காட்சியில் நேரடியாக அஞ்சல் செய்யப்பட்டபோது, பிரித்தானியாவில் ஏறக்குறைய 2 கோடி மக்கள் அதனைக் கண்டனர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. எனினும், திருநெய் பூசும் சடங்கு மட்டும் கமெராவுக்கு மறைக்கப்பட்டது. எதைக் காட்டலாகாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் சடங்கை நடத்தியோரிடம் இருந்தது. இவ்வதிகாரத்தின் பெறுமதியைப் பின்னர் கூத்துப் பற்றிப் பேசுமிடத்து உணரலாம்.

அரங்கக் கலையின் நேரடி அஞ்சலில் அண்மைக்காலத்தின் இரு முக்கிய முயற்சிகள் எண்ணத்தக்கவை. மெற்றோபொலிற்றன் ஒப்பெறா 2006 டிசெம்பர் 30ஆம் திகதி மோசாற்றின் 'மாயப் புல்லாங்குழல்' ஒப்பெறாவைத் திரையரங்குகளுக்கு உயர்தெளிவுப் படமாக நேரடியாக அனுப்பியது. இலண்டன் தேசிய அரங்கு 2009 யூன் 25ஆம் திகதி நிக்கலஸ் ஹைற்னர் நெறிப்படுத்தி, ஹெலன் மிரன் நடித்த 'ஃபேத்ர' நாடகத்தை அஞ்சல் செய்தது. இவ்வஞ்சலை ஆராய்ந்து 2010இல் வெளியான அறிக்கை ஒன்று, திரையரங்கிற் பார்த்தோர் நாடக அரங்கிலேயே பார்த்தோரைவிடக் கூடிய உணர்ச்சி ஈடுபாட்டைத் தெரிவித்தனர் எனக் காட்டிற்று. கமெரா கலையைக் கெடுக்கும் என்போர் இம்முடிவைப் புறக்கணிக்கவியலாது.

ஆயினும் அவ்வெற்றிக்குரிய காரணங்களை நோக்குதல் வேண்டும். கமெராக்களுக்கெனத் தனி ஒத்திகைகள் நடைபெறுகின்றன. ஒளியமைப்பும் ஒப்பனையும் படத்துக்கேற்பத் திருத்தப்படுகின்றன. அரங்கில் இருக்கைகள் நீக்கப்பட்டுக் கமெராக்களுக்கு இடமளிக்கப்படுகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வரங்குகளிற் பெரும்பான்மையானவை ஏற்கெனவே பார்வையாளரை ஒரு திசையில் வைத்து எழுந்த மேடைகளாகும். நடிகன் முன்னோக்கி நடிக்கப் பழகியவன். பார்வையாளர் இருளில் மௌனமாக இருந்து பார்க்கப் பழகியவர். கமெரா அப்பார்வையாளரின் இருக்கையில் வந்து அமர்கின்றது, அவ்வளவே. படச்சட்ட மேடை, பெயருக்கேற்பப் படத்துக்குரிய சட்டத்தைத் தன்னிடத்திலேயே கொண்டுள்ளது.

இவ்விடத்து அரங்கியலாளரிடையே நிகழ்ந்த விவாதமொன்றைச் சுருக்கமாகக் கூறலாம். நிகழ்த்துகையின் உயிர் அந்நேரத்திலே மட்டும் உள்ளது, பதிவு செய்யப்பட்டதும் அது வேறொன்றாகிவிடுகின்றது என 1993இல் பெகி ஃபெலன் வாதிட்டார். 'நேரடி' என்ற எண்ணமே பதிவுக் கருவிகள் தோன்றிய பின்னர் அவற்றுக்கு எதிரிடையாகப் பிறந்தது, எனவே அது என்றும் மாறாத இயல்பன்று என 1999இல் பிலிப் ஓஸ்லாண்டர் மறுத்தார். வரலாற்று நோக்கில் ஓஸ்லாண்டரின் வாதம் வலுவானதே. ஆனால் இருவரது சிந்தனையும் பெரிதும் மேலைத்தேய நிகழ்த்துகைகளையும் ஊடகங்களையும் அடிப்படையாகக் கொண்டது. ஊரே கூடி ஆறேழு மாதம் உழைத்து ஆக்கும் அரங்கொன்றை வைத்து இவ்விவாதத்தை நடத்தினால் வேறு முடிவுகள் கிட்டக்கூடும்.

3. முதலாவது இடமாற்றம்: களரியிலிருந்து மேடைக்கு

மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வட்டக்களரியில் ஆடப்பட்டு வந்தவை. களரியின் நடுவே அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் ஏடு பார்ப்போரும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். சுற்றிலும் மக்கள் அமர்ந்திருப்பர். ஆட்டத்தின் சுற்றும் திரும்பலும் எல்லாத் திசையினரையும் நோக்கி அமைந்தவை. ஒரு பக்கத்தார்க்கு அரசனின் முகமும் மறுபக்கத்தார்க்கு அவனது முதுகும் தெரியும். அடுத்த சுற்றில் இது மாறும். எவருக்கும் நிரந்தரமான முன்னிருக்கை இல்லை. பார்ப்போர் ஒருவரையொருவரும் காண்கின்றனர். களரியின் அப்பக்கத்திலிருந்து சிரிப்பவரின் முகமும் இப்பக்கத்தார் காணும் காட்சியின் ஒரு பகுதியாகின்றது. இரவு முழுவதும் ஆட்டம் நிகழும். உறங்குவோர் உறங்கி, தாம் விரும்பிய கட்டத்துக்கு எழுந்து பார்ப்பர்.

இக்கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்த பெருமை பேராசிரியர் சு. வித்தியானந்தனைச் சாரும். 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கில் ஏற்படுத்திய எழுச்சியைத் தொடர்ந்து, பேராதனையில் வித்தியானந்தன் மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலிவதை' (1967) ஆகியவற்றை மேடையேற்றினார். விடியும்வரை ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணித்தியாலமாகச் சுருங்கியது. நடுவே நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஒரு பக்கத்துக்கு நகர்ந்தனர். சுற்றியாடிய ஆட்டம் முன்னோக்கியதாயிற்று. படித்தோரால் இழிவாக எண்ணப்பட்ட கலையொன்று மதிப்புப் பெற்றது. தமிழ் நாடக மரபு பற்றிய பிரக்ஞை பல்கலைக்கழகத்தில் வேரூன்றியது. இவை மறுக்கவியலாத சாதனைகள்.

அதே வேளையில், அவ்விடமாற்றத்தினால் நிகழ்ந்த இழப்புகளும் பின்னர் எடுத்துக்காட்டப்பட்டன. கூத்துச் சமூகத்தை விட்டுக் கூத்தின் ஆடலும் பாடலும் மட்டும் எடுத்துச் செல்லப்பட்டன என்பது அவ்விமர்சனத்தின் சாரம். சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனையில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், கூத்தை அதன் சமூகத்தினுள்ளேயே, அச்சமூகத்தினரின் உரையாடலினூடாகப் புதுப்பிக்க முனைந்தமை இவ்வகையில் முக்கியமானது. களரியா மேடையா என்ற விவாதம் ஓய்ந்துவிட்டதென்று கூறமுடியாது. அதற்கிடையிலே கமெரா வந்துவிட்டது.

4. இரண்டாவது இடமாற்றம்: களரியிலிருந்து திரைக்கு

நேரடி அஞ்சலைக் கூத்தின் இரண்டாவது இடமாற்றமாகக் கொள்ளுதல் பொருத்தமானது. முதலாவது இடமாற்றம் திட்டமிட்டு, வாதிட்டு, பொறுப்பேற்றுச் செய்யப்பட்டது. அதனைச் செய்தவரின் பெயர் நமக்குத் தெரியும். அவரோடு நாம் உடன்படலாம், முரண்படலாம். இரண்டாவது இடமாற்றம் எவராலும் தீர்மானிக்கப்படாமலே நடந்து கொண்டிருக்கின்றது. முக்காலி ஒன்றில் கைத்தொலைபேசியைப் பொருத்தியவர் தாம் ஓர் அரங்கவியல் முடிவை எடுத்துவிட்டதை அறியார்.

அம்முடிவின் விளைவுகளைக் களரியிலே காணலாம். கமெரா ஒரு பக்கத்தில் நிலைபெற்றதும் அப்பக்கம் 'முன்'பக்கமாகின்றது. அதன் எதிரே மக்கள் அமர்வது தடுக்கப்படுகின்றது. 'மறைக்காதீர்கள்' என்ற குரல் எழுகின்றது. கூத்தர் சிலர் அறிந்தோ அறியாமலோ அத்திசையிற் கூடிய நேரம் நின்று பாடத் தலைப்படுகின்றனர். களரியின் மறுபக்கத்தில் இருப்போர் நெடுநேரம் முதுகையே காண்கின்றனர். வட்டம் அரைவட்டமாகின்றது. ஊரவர், தம் ஊரின் களரியிலேயே, தொலைவிலிருப்பவருக்குப் பின்னணியாகிவிடுகின்றனர்.

ஒலியின் நிலையும் இத்தகையதே. கைத்தொலைபேசியின் ஒலிவாங்கி மனிதப் பேச்சைத் தெளிவாகப் பிடிப்பதற்கென அமைந்தது. சூழலோசையை இரைச்சலென எண்ணி அதனைத் தணிக்கும் ஏற்பாடு அதனுள் உண்டு. மத்தளத்தின் அடிநாதமும் பிற்பாட்டின் கூட்டொலியும் அவ்வேற்பாட்டினால் நசுங்குகின்றன. அரசன் பாடும் தரு கேட்கின்றது. அதனைத் தாங்கிச் செல்லும் கூட்டத்தின் குரல் கேட்பதில்லை. தனியாளின் கலையாகக் கூத்து திரையிலே தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலம் பற்றியும் சிறிது கூறவேண்டும். இங்கு இரவு 9 மணிக்குத் தொடங்கும் கூத்து, கோடை காலத்தில் இலண்டனில் பிற்பகல் 4.30 மணிக்கும் ரொறன்ரோவில் முற்பகல் 11.30 மணிக்கும் காணப்படும். நம் இரவு அவர்களுக்குப் பகல். வேலைநாளில் எவரும் பாரார். ஆகவே வார இறுதியில் வைக்குமாறு வேண்டுகோள் வருகின்றது. நிகழ்ச்சிக்குப் பணமளிப்போர் அங்கிருப்பாராயின் அவ்வேண்டுகோள் எளிதிற் கட்டளையாகலாம். அறுவடையையும் கோயிற் சடங்கையும் ஒட்டி அமைந்த கூத்தின் காலம், வேறொரு நாட்டின் வேலைநேரத்துக்கு இசையத் தொடங்குகின்றது. விடியும்வரை எவர் பார்ப்பார் என்ற கேள்வியுடன் கூத்து மேலும் சுருங்குகின்றது.

இவற்றுக்கெல்லாம் கமெராவைக் குறைகூறுவதிற் பயனில்லை. படச்சட்ட மேடைக்கெனத் தோன்றிய அஞ்சல் முறையை வட்டக்களரிக்கு அப்படியே பொருத்தியதே குறையின் காரணமாகும்.

5. விளம்பரமும் எண்ணிக்கையும்

கூத்துக்கு முன்பும் விளம்பரம் இருந்தது. சட்டங் கொடுத்த நாள் முதல் அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் நடைபெறும் பயிற்சியே அவ்விளம்பரம். கிழமைக் கூத்தின்போது இரவில் எழும் மத்தள ஒலி அயலூர்க்கும் செய்தி சொல்லும். சிறுவர் தருக்களை மனனஞ் செய்து தெருவிற் பாடித் திரிவர். யாருடைய மகன் வீமனுக்கு ஆடுகின்றான், அவனது ஆட்டம் எவ்வளவு தேறியுள்ளது என்பது கிணற்றடிப் பேச்சாயிருக்கும். அரங்கேற்ற நாளிற் கூடியோர் கூத்தை முன்னரே பாதி அறிந்தவராய் வந்தனர். பிழைத்த தாளத்தை அவர்களால் இனங்காண முடிந்தது. அண்ணாவியார் அஞ்சியதும் அவர்களுக்கே.

இன்றைய இணைய விளம்பரம் நாளையும் நேரத்தையும் அறிவிக்கின்றது. வண்ணப் படமொன்றைக் காட்டுகின்றது. நிகழ்ச்சி உண்டு என்பதை அறிந்தோர் தொகை பெருகுகின்றது. நிகழ்ச்சியை அறிந்தோர் தொகை பெருகுவதில்லை. விளம்பரம் பயிற்சியிலிருந்து பிரிந்து தனித் தொழிலாகிவிட்டமையே இதற்குக் காரணமாகும்.

இதனோடு ஒட்டியது எண்ணிக்கை மோகம். நமது சங்கங்களின் ஆண்டறிக்கைகளில் 'இத்தனை ஆயிரம் பேர் பார்த்தனர்' என்ற வாக்கியம் இடம்பெறத் தொடங்கியுள்ளது. முகநூல் நிறுவனம் பல ஆண்டுகளாக மூன்று செக்கன் ஓடிய காட்சியையும் ஒரு பார்வையெனக் கணித்து வந்தது என்பதை அவ்வறிக்கைகள் கூறுவதில்லை. மூன்று செக்கனில் மத்தளம் ஒரு தாளக்கட்டையும் முடித்திராது. பாயை விரித்து விடியும்வரை இருந்த முதியவரும், விரலால் திரையைத் தள்ளிச் சென்றவரும் அவ்வெண்ணிக்கையில் ஒன்றாகின்றனர். மண்டபத்தில் நாற்பது பேரும் இணையத்தில் நாலாயிரம் பார்வையும் இருக்குமிடத்து, நாற்பது பேரை மறந்து நாலாயிரத்தைக் கொண்டாடும் மனநிலை நம்மிடையே வளர்கின்றது. அடுத்த ஆண்டு நிகழ்ச்சி யாரை நோக்கி அமையும் என்பதை இம்மனநிலையே தீர்மானிக்கும்.

6. எதிர்வாதங்கள் சில

மேற்கூறியவற்றுக்கு வலுவான மறுப்புகள் உள. அவற்றைத் தவிர்த்துச் செல்லல் நேர்மையாகாது.

முதலாவது, களரியைச் சூழ்ந்த ஊர் இலட்சிய சமூகமன்று. சாதி ஒழுங்குக்குட்பட்டே கூத்துகள் ஆடப்பட்டு வந்தன. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். களரியின் எப்பக்கத்தில் எவர் அமரலாம் என்பதும் எழுதப்படாத விதிகளுக்குட்பட்டிருந்தது. திரையின் முன் இவ்விதிகள் செல்லுபடியாகா. அன்று அருகே வரமுடியாதிருந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று எவருடைய அனுமதியுமின்றிக் கூத்தைக் காண்கின்றனர். இது சிறிய மாற்றமன்று.

இரண்டாவது, போரும் இடப்பெயர்வும் நம் மக்களைச் சிதறடித்துள்ளன. கூத்தாடிய ஊரவர் பலர் இன்று அவ்வூரில் இல்லர். பனிநாட்டின் அடுக்குமாடி வீடொன்றில் இருந்தவாறு தம் தந்தை ஆடிய கூத்தை மீண்டும் காணும் ஒருவரை 'வெளியார்' என ஒதுக்குதல் முறையாகாது. அவர் தொலைவிலிருக்கும் ஊரவர். 2020இல் பெருந்தொற்றினால் அரங்குகள் மூடப்பட்டபோது, நடந்து வந்து பார்க்கக்கூடிய தூரத்திலிருந்தவர்க்கும் இணையமே ஒரே வழியாயிற்று.

மூன்றாவது, மூத்த அண்ணாவிமார் ஒவ்வொருவராக மறைந்து வரும் காலத்தில், நேரடி அஞ்சலாற் சேரும் பதிவு எத்துணைக் குறையுடையதாயினும், ஆய்வாளர்க்கும் பயில்வோர்க்கும் கிடைத்தற்கரிய செல்வமாகும்.

இம்மூன்று வாதங்களையும் ஏற்பதில் நமக்குத் தடையில்லை. அவை அஞ்சல் வேண்டும் என்பதற்கான வாதங்கள். எவ்வாறு அஞ்சல் செய்யவேண்டும் என்ற வினாவுக்கு அவை விடையளிப்பதில்லை. உண்மையில், தொலைவிலிருப்பவரையும் ஊரவராக மதிப்போமாயின், அவருக்குக் களரியின் முழு வட்டத்தையும் காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

7. செய்யக்கூடியவை

அவ்வாறு காட்டுவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இன்று எந்தவொரு மாணவர் குழுவிடமும் நான்கைந்து கைத்தொலைபேசிகள் உண்டு. களரியைச் சுற்றி மூன்று திசைகளில் அவற்றை நிறுத்தி, மாறி மாறிக் காட்டலாம். உயரமான இடத்திலிருந்து வட்டம் முழுவதையும் காட்டும் ஒரு பார்வையை அடிப்படையாகக் கொண்டு, அருகுக் காட்சிகளை அளவோடு சேர்க்கலாம். எந்தத் திசையும் நிலையான முன்பக்கமாகாதவாறு காத்தல் முதல் விதியாகவேண்டும். தனியான ஒலிவாங்கியை அண்ணாவியாரும் மத்தளமும் பிற்பாட்டும் இருக்கும் நடுவிடத்திற் பொருத்தி, இரைச்சல் தணிக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிடல் நன்று.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஆலயத் திருவிழாக்களை நேர்முக வர்ணனையாக ஒலிபரப்பிய மரபு நமக்குண்டு. வர்ணனையாளர் கூட்டத்தின் நடுவே நின்று, தாம் கண்டதை மட்டுமன்றிச் சூழ இருந்த மக்களையும் கேட்போர்க்குச் சொல்லாற் காட்டினார். காட்சி கிடைத்ததும் சொல் தேவையில்லை என எண்ணி அம்மரபைக் கைவிட்டோம். வரவுத்தருவுக்கும் அடுத்த தருவுக்கும் இடையில், ஆட்ட வகையையும் தாளத்தையும் ஆடுபவரையும் சுருக்கமாக அறிமுகஞ் செய்யும் குரலொன்று தொலைவிலிருக்கும் இளந்தலைமுறைக்குப் பேருதவியாகும். அதேபோலக் கிழமைக் கூத்தின் பகுதிகளை மாதக்கணக்கில் முன்னரே வெளியிட்டால், விளம்பரம் மீண்டும் பயிற்சியோடு இணையும். பார்ப்போர் பாட்டை அறிந்தவராய் அரங்கேற்றத்துக்கு வருவர்.

இவை யாவற்றிலும் முதன்மையானது உரிமை பற்றிய பிரச்சினை. எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது, பதிவு யாருக்கு உரியது, அதனால் வரும் வருவாய் யாரைச் சேரும் என்பவற்றை அண்ணாவியாரும் கூத்தரும் ஊரவரும் கூடியே தீர்மானிக்கவேண்டும். முடிசூட்டு விழாவில் அரச குடும்பத்தினருக்கும் திருச்சபையினருக்கும் இருந்த உரிமை நம் களரியின் கலைஞர்க்கு இல்லாதிருத்தல் எவ்வகையிலும் நியாயமன்று. வீட்டுக்கு வீடு ஆடியபோது ஊரவர் கூத்தர்க்குச் சன்மானம் வழங்கினர். தொலைவிலிருந்து காணும் ஊரவரும் அதனைச் செய்வதற்கு வழியமைத்தல் கடினமன்று.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு இவ்விடயத்திற் தனிப்பொறுப்பு உண்டு. கூத்தின் முதலாவது இடமாற்றம் பல்கலைக்கழகத்திலிருந்தே தொடங்கியது. அதன் நன்மை தீமைகளை அரை நூற்றாண்டுக்கு மேலாக நாம் விவாதித்து வருகின்றோம். இரண்டாவது இடமாற்றத்தின் விளைவுகளை விவாதிக்க இன்னோர் அரை நூற்றாண்டு காத்திருக்கவேண்டியதில்லை. அடுத்த கூத்து விழாவில் முதற் கைத்தொலைபேசியை எவ்விடத்தில் நிறுத்துவது என்று அண்ணாவியாரிடம் கேட்பதிலிருந்து அவ்விவாதத்தைத் தொடங்கலாம்.